யார் வாசலும் இல்லாத இடம்

எங்கள் சந்தில் ஒரு வேலையை ஒரு தடவை செய்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் அது செய்தவன் தலையில். அதனால்தான் நெசு வீட்டு முன்னால் விழும் பனியை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை.

நெசு கிழவர் போய்ச் சேர்ந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. மகன் டோக்கியோவில். காரியத்துக்கு வந்தவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனான், அதோடு சரி. பெரிய ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் முதலில் மீன்கடை சகாசுமே அக்கா வீடு, அடுத்து மொரோஹாஷி, அடுத்து இந்தப் பூட்டின வீடு, அப்புறம் ஓபுச்சி, கடைசியில் ஆற்றங்கரையை ஒட்டி நாங்கள். எதிர்ப்பக்கம் முழுக்கக் கோயில் மதில். வெளியே போக வேறு வழி கிடையாது.

பெரிய ரோட்டை நகராட்சி வண்டி வந்து தள்ளிவிட்டுப் போகும். சந்து எங்கள் பாடு. அவரவர் வாசல் அவரவருக்கு. எங்கள் எச்சிகோ பக்கத்துப் பனி பஞ்சு மாதிரி பறக்காது. ஈரமாவு மாதிரி இருக்கும். விழுந்த அன்றைக்கே தள்ளாவிட்டால் மறுநாள் மண்வெட்டியால் கொத்த வேண்டும்.

மற்ற மூன்று வீட்டாருக்கும் ஒரு ஆள் நடக்க வழி இருந்தால் போதும். ஓபுச்சிகூட குளிர்காலம் முடியும்வரை காரை ரோட்டோரத்தில் வாடகை இடத்தில் விட்டுவிடுவான். எங்களுக்கு அப்படி முடியாது. என் பெண்டாட்டி மிட்சுயோவுக்கு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரி வேன் வாசலுக்கே வரும். கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் செய்து சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும். அவளால் சேர்ந்தாற்போல் நாலு எட்டு வைக்க முடியாது, முட்டி மடங்கிவிடும். வேன் வர வேண்டும் என்றால் சந்து முழு அகலத்துக்கும் திறந்திருக்க வேண்டும்.

ஆகவே நெசு வீட்டு முன்னாலும் நான்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பார்ப்பார்கள். குனிந்து கும்பிடுவார்கள். "எப்பவும் உங்களுக்குத்தான் சிரமம்" என்பார்கள். ஒருத்தர் கையிலும் ஒரு மண்வாரி வந்ததில்லை.

அந்தப் பெரும்பனி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தது. மிட்சுயோவை இறக்கிவிட்டு வேன் திரும்பும்போதே வந்த தடம் மூடிவிட்டது. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம். அந்த இரண்டு நாளும் உடம்பில் சேரும் தண்ணீர் எங்கும் போகாது. முதலில் பாதம் வீங்கும், அப்புறம் முகம், அப்புறம் மூச்சில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். திங்கள் தப்பினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சந்தில் எல்லாருக்கும் அது தெரியும். மிட்சுயோவே ஒவ்வொருத்தரிடமும் சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போனேன். குளிர்காலத்தில் ரோடு போடும் வேலை நின்றுவிடும். ஊரார் கூரைமேல் ஏறிப் பனி தள்ளுவதுதான் பிழைப்பு. இருட்டும் நேரம் தோள் கழன்று வீட்டுக்குத் திரும்பினால் சந்து முனையில் பனிக் கால்வாயின் இரும்பு மூடி மேல் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மற்ற நாளில் அந்த மூடியைத் திறந்து பனியைக் கொட்டினால் ஓடுகிற தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். கீழே எங்கோ அடைத்துக்கொண்டதாம், தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.

கொட்ட இடமில்லை என்றதும் சந்துக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடம் ஞாபகம் வந்திருக்கிறது.

சகாசுமே அக்கா தள்ளுதொட்டியோடு எதிரே வந்தாள். கைப்பிடி வைத்த பெரிய தகரத் தொட்டி, ஒரு தள்ளுக்கு ஒரு வண்டிப் பனி அள்ளும். மொரோஹாஷி வாசலைத் தாண்டி நேராக நெசு வீட்டு முன்னால் போய்க் கவிழ்த்தாள்.

"அக்கா, அது எங்க வேன் வர்ற வழி."

"எனக்குத் தெரியாதா அண்ணே? சும்மா இப்போதைக்குத்தான். கால்வாய் திறந்ததும் நானே எடுத்துப் போட்டுடறேன். பாவம், அண்ணிக்கு எப்படி இருக்கு?"

"இருக்கா."

"நல்லாப் பாத்துக்கோங்க. இந்தக் குளிர் அவங்களுக்கு ஆகவே ஆகாது."

சொல்லிக்கொண்டே போய் அடுத்த தொட்டியைக் கொண்டுவந்தாள். இவள் பழக்கம் எனக்குத் தெரியும். ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால் இருட்டோடு இருட்டாகத் தன் பனியை யார் பக்கமாவது ஒதுக்கிவிட்டு, விடிந்ததும் வாசலைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டு நிற்பாள். "இன்னிக்கு நம்ம பக்கம் அவ்வளவா விழல போலிருக்கே" என்பாள். அன்றைக்கு இருட்டக்கூட அவள் காத்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் கூரையில் நான் ஏறியாக வேண்டியிருந்தது. உத்தரம் முனகத் தொடங்கிவிட்டது. ஏறாவிட்டால் கூரை இறங்கிவிடும், ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் இருக்காது. காலையிலிருந்து கூரைப் பனியை வெட்டி வெட்டிப் பின்னால் ஆற்றங்கரைப் பக்கம் தள்ளினேன். மேலிருந்து பார்த்தால் சந்து முழுக்கத் தெரிந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மொரோஹாஷி நகராட்சி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருஷம் சந்துச் சங்கத் தலைவர். தன் எல்லையில் இரண்டு மூங்கில் நட்டு அந்தக் கோடுவரைக்கும் தரை தெரியச் சுரண்டுவார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் அகலம்கூடத் தொடமாட்டார். வெட்டின முகம் டோஃபுவைக் கத்தியால் வகுந்த மாதிரி நேராக நிற்கும். வகுந்ததை எடுத்து எங்கே போடுகிறார் என்று பார்த்தேன். தொட்டியில் அள்ளி, தன் மூங்கிலுக்கு அப்பால் எட்டி, நெசு வீட்டுக் குவியல் மேல் மெல்ல வைத்து, மண்வாரியின் பின்புறத்தால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். அந்தத் தட்டலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. வீசியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

இந்தப் பக்கம் ஓபுச்சி. அவனிடம் பனி வீசும் மிஷின் இருக்கிறது. பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறவன் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பனி வில்லாக வளைந்து போய் விழும். அன்றைக்கு அந்த வில்லின் மறுமுனை எங்கே விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

"ஓபுச்சி தம்பி, எங்க அடிக்கிற?" என்று கூரையிலிருந்து கத்தினேன்.

காதுக்குப் பின்னால் கை வைத்துக் காட்டினான். சிரித்தான். குனிந்து கும்பிட்டான். மிஷினை மட்டும் நிறுத்தவில்லை.

மத்தியானம் இறங்கி உள்ளே போனேன். மிட்சுயோ மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலுறை கணுக்காலில் கயிறு கட்டின மாதிரி பதிந்திருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்பட்ட தண்ணி வானத்துலேருந்து கொட்டுது. எனக்கு ஒரு வாய்க்குத் தடை."

"ஐஸ் துண்டு ஒண்ணு தரட்டா?"

"காலையிலயே ரெண்டு நாளுக்கானத முடிச்சிட்டேன். நாளைக்கு வேன் வருமா?"

"வரும்."

"உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

அப்படியே கிளம்பி மொரோஹாஷி வீட்டுக்குப் போனேன். நெசு வீட்டு முன்னால் குவியல் என் நெஞ்சுக்கு மேல் வந்திருந்தது. மதிலோரமாக ஒற்றை ஆள் உடம்பைத் திருப்பி நுழைகிற அளவுக்கு ஒரு தடம். மொரோஹாஷி கதவைத் திறந்து படியில் மண்டிபோட்டு வரவேற்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். சகாசுமே அக்காவும் அங்கேதான் இருந்தாள்.

"தலைவரே, நாளைக் காலையில வேன் வரணும்."

"ஆமாமா, முக்கியமான விஷயம். நானும் அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன்."

"யோசிச்சு?"

"நெசு பையனுக்குப் போன் போட்டேன். எடுக்கல. அடுத்தவங்க இடத்துல கை வைக்கிறதுன்னா ஒரு வார்த்தை கேட்டுக்கணும் இல்லையா?"

"கொட்டறதுக்குக் கேட்டீங்களா?"

நான் நல்ல தமாஷ் சொன்னது போல இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"கசாமா அண்ணே எப்பவும் இப்படித்தான். வாயில உப்பு ஜாஸ்தி" என்றாள் அக்கா.

"அவசரம்னா ஆம்புலன்ஸ் இருக்கே. அவங்களே தூக்கிட்டுப் போயிட மாட்டாங்களா?" என்றார் மொரோஹாஷி.

"விழுந்தவங்களுக்குத்தான் ஆம்புலன்ஸ். இவ விழறதுக்கு முன்னாடி போகணும். இந்தப் பனியில அவங்க எத்தனை வீட்டுக்குப் போவாங்க?"

நான் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அது மொரோஹாஷியை உறுத்தியது.

"சரி. நாளைக் காலையில ஆறு மணிக்கு எல்லாரும் வந்துடுவோம். ஓபுச்சிக்கும் நான் சொல்லிடறேன். எல்லாரும் சேர்ந்து கை கொடுத்தா எவ்வளவு நேரம் ஆகிடப்போகுது?"

அந்த வார்த்தையை நம்பித்தான் அன்றைக்குச் சாயங்காலம் நான் மறுபடி மண்வாரியை எடுக்கவில்லை. தோளைத் தூக்க முடியவில்லை என்பதும் உண்மை.

திங்கள் காலையில் பனி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. மிட்சுயோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். கன்னம் கண்ணை மூடும் அளவுக்கு உப்பியிருந்தது.

ஆறு மணிக்கு முன்னாலேயே நான் போய்க் குவியலை எங்கள் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினேன். இரவில் நெசு கூரையிலிருந்தும் சரிந்து விழுந்திருந்தது. குவியல் என் தலைக்கு மேல் இருந்தது. மேலே புதுப் பனி லேசாக வந்தது. அரைச் சாண் ஆழத்துக்குக் கீழே மிதித்துக் கெட்டியான பனி. அதை வெட்டித் திறந்தபோது மீன் தலை ஒன்று என்னைப் பார்த்தது.

ஒன்று இல்லை. ஒரு வாளி நிறைய. கானாங்கெளுத்தித் தலையும் கணவாய்க் குடலும் உறைந்து ஒரே கட்டியாக. குப்பை வண்டி வராத நாளில் கழிவை எங்கே போடுவது என்று அக்காவுக்குக் கவலை இருந்திருக்காது. அதற்குக் கீழே ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றும் அழகாக முடிச்சுப் போட்டு. ஓபுச்சியின் நாய் தினமும் இரண்டு வேளை வெளியே போகும். அவன் பையும் கையுமாகப் பின்னால் போவதைப் பார்த்துப் பொறுப்பான பையன் என்று மிட்சுயோ சொல்வாள். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் மஞ்சள் தண்ணீர் ஊறிய பனி. போன வருஷம் கெட்டுப்போன முள்ளங்கி ஊறுகாய், ஒரு தொட்டி நிறைய, ஊறப்போட்ட தவிட்டோடு. மொரோஹாஷி மனைவி எல்லா வீட்டுக்கும் கொடுக்கும் அதே ஊறுகாய். மண்வாரி பட்டதும் நாற்றம் கிளம்பியது. அந்தக் குளிரிலும் நாறுகிற பொருள் அது ஒன்றுதான். நான் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டினேன்.

அப்போது அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. மண்வாரி இறங்கும் சத்தம், தொட்டி தரையில் உரசும் சத்தம். ஒரு ஆள் இல்லை, இரண்டு பேர். எனக்கு மனசு கொஞ்சம் இளகியது என்பதைச் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லுக்கு வந்துவிட்டார்கள், நானாக எதையெல்லாமோ நினைத்துக்கொண்டேன் என்று தோன்றியது. மலையைக் குடைகிறவர்கள் நடுவில் சந்திப்பது போல நாங்களும் சந்திப்போம் என்று நினைத்துக்கொண்டு தோள் வலியைப் பார்க்காமல் வெட்டினேன். வெட்ட வெட்ட என் பக்கம் மேலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. நான் எடுப்பதும் வருவதும் சமமாக இருந்தது. அது ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் மேலே ஏறி நெஞ்சளவு ஒரு வாய் வெட்டி அந்தப் பக்கம் தலையை நீட்டினேன். சகாசுமே அக்கா தள்ளுதொட்டியை என் முகத்துக்கு நேராகக் கவிழ்க்கப் போய் நிறுத்தினாள்.

"அய்யோ, காலை வணக்கம் அண்ணே."

"என்ன பண்றீங்க?"

"முதல்ல அவங்கவங்க வாசலை முடிச்சிட்டு, அப்புறம் எல்லாருமா சேர்ந்து இதைப் பாக்கலாம்னு தலைவர் சொன்னார்."

"வாசல் பனியை எங்க போடறீங்க?"

அவள் கையிலிருந்த தொட்டியைப் பார்த்தாள். மொரோஹாஷி மூங்கிலுக்குப் பக்கத்தில் மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் வாசல் ஈரத் தரை தெரியப் பளபளவென்று இருந்தது.

"வாசலை அப்படியே போட்டுட்டுப் பொது வேலைக்கு வந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை.

"நான் அந்தப் பக்கம் எடுக்க, நீங்க இந்தப் பக்கம் போட்டிருக்கீங்க."

"இப்போதைக்குத்தானே அண்ணே" என்றாள் அக்கா.

பின்னால் நாய் குரைத்தது. ஓபுச்சி நாயைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். "மிஷின் வச்சுப் பாக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா இவ்வளவு கெட்டியான பனின்னா பல்லு உடைஞ்சிடும்ணே" என்றான். அவன் நாய் மட்டும் முன்னால் போய் ஊதாப் பைகளை மோந்து பார்த்து வாலை ஆட்டியது. தன்னுடையது அதற்குத் தெரிந்தது.

ஓபுச்சி அதைப் பார்த்தான். அக்கா மேலே ஏறி வந்து வெட்டின வாய் வழியாக எட்டிப் பார்த்தாள். மொரோஹாஷியும் வந்தார். மீன் தலைகள், பைகள், முள்ளங்கி. நான் மண்வாரியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், இப்போதாவது ஒருத்தர் வாயில் ஒரு வார்த்தை வரும் என்று.

அக்கா போய் வாளி எடுத்து வந்தாள். மீன் தலைகளை மட்டும் பொறுக்கி வாளியில் போட்டாள். ஓபுச்சி கையுறையைக் கழற்றாமல் ஊதாப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். மொரோஹாஷி வீட்டுக்குள் போய் பிளாஸ்டிக் பையோடு வந்து, முள்ளங்கியைத் துண்டு விடாமல் பொறுக்கி, தவிட்டைக்கூட வழித்து எடுத்தார். அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். பனியை அங்கேயே விட்டார்கள்.

"சிரமம் கொடுத்துட்டோம்" என்று மூன்று பேரும் குனிந்தார்கள்.

நான் மண்வாரியை எடுத்து மறுபடி வெட்டத் தொடங்கினேன்.

பெரிய ரோட்டிலிருந்து வேன் ஹாரன் கேட்டது. ஓட்டுகிற ஷிராய் சந்து முனைவரை ஓடி வந்து குவியலுக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, வண்டியில மூணு பேர் உக்காந்திருக்காங்க. அவங்களை விட்டுட்டு நான் உள்ள வர முடியாது. ரொம்ப நேரம் நிக்கவும் முடியாது."

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். மிட்சுயோ வாசலில் இருந்தாள். எங்கள் தள்ளுதொட்டியில் போர்வையை விரித்து, பருத்திக் கோட்டும் தலையில் துண்டுமாக அதற்குள் தானே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இழுங்க."

இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் மூச்சு கொதிக்கிற பானை மூடி மாதிரி சத்தம் போட்டது. நான் வெட்டின வாய் தொட்டியைவிடக் குறுகல். மதிலோரத் தடம் அதைவிடக் குறுகல். அவள் குவியலைப் பார்த்தாள். அப்புறம் ஆட்களைப் பார்த்தாள். மூச்சு விட்டு விட்டுப் பேசினாள்.

"ஓபுச்சி, நாயை எங்கயாவது கட்டு. வந்து இந்தப் பக்கம் பிடி. சகாசுமே, வாளியைக் கீழ வை. மொரோஹாஷி, நீ முன்னாடி."

இத்தனை வருஷத்தில் அந்தச் சந்தில் யாரையும் அவள் மரியாதை இல்லாமல் கூப்பிட்டதில்லை. மொரோஹாஷியின் வாய் திறந்தது. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கால் நகர்ந்துவிடுகிறது. வாளி கீழே போனது. நாயை நெசு வீட்டுக் கதவுக் கைப்பிடியில் கட்டினார்கள். நாலு பேரும் தொட்டியின் விளிம்பைப் பிடித்தோம்.

தூக்கினதும் அவர்களுக்குத் திருவிழா ஞாபகம் வந்துவிட்டது. சாமிப் பல்லக்கு தூக்குகிற கை அது. முதலில் ஓபுச்சிதான் "வஷ்ஷோய்" என்றான். அக்கா "வஷ்ஷோய்" என்று எதிர்க்குரல் கொடுத்தாள். மொரோஹாஷி முன்னால் நடந்துகொண்டு தாளம் சொன்னார். குவியல் மேல் ஏறி, நடுவில் முட்டிவரை புதைந்து, அந்தப் பக்கம் இறங்கினோம். மண்வாரி பிடிக்க வராத கைகள் பல்லக்குக்கு மட்டும் எவ்வளவு ஒழுங்காக வருகின்றன. ஏன் என்று எனக்குத் தெரியும். பல்லக்கு தூக்கினால் நாளைக்கும் தூக்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வேனில் ஏற்றின பிறகு மூன்று பேர் முகத்திலும் ரத்தம் ஏறிச் சிரிப்பு மலர்ந்தது. ஓபுச்சி போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தான்.

"இதைச் சங்கப் பத்திரிகையில போடணும். நம்ம சந்து ஒத்துமைக்கு இதைவிட என்ன வேணும்?" என்றார் மொரோஹாஷி.

மிட்சுயோ கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் எடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஊசியைக் குத்தினாள். சாயங்காலம் வரைக்கும் மிஷின் ஓடியது. மெல்ல மெல்ல முகம் வடிந்து, அவள் கண் மறுபடி தெரிந்தது. படுக்க முடிந்ததும் தூங்கிவிட்டாள்.

திரும்பி வந்தபோது பனி நின்றிருந்தது. குவியல் நிற்கவில்லை, இன்னும் உயர்ந்திருந்தது. இப்போது நெஞ்சு அழுந்தினாலும் மூச்சு முட்டாது என்பதால் அவளை முதுகில் சுமந்து அதைத் தாண்டினேன். வீட்டு வாசலில் மூன்று பொட்டலம் இருந்தன. ஒன்றில் கமலா ஆரஞ்சு, ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் உலர்ந்த சீமைப் பனிச்சைப் பழம். நோய் விசாரிக்கிற பழக்கம், ரிப்பன் கட்டி. மூன்றும் அவள் தொடக் கூடாத பழம். தின்றால் அதிலுள்ள உப்புச் சத்து ரத்தத்தில் தேங்கி நெஞ்சு நின்றுபோகும். இதையும் வருஷக்கணக்காக ஒவ்வொருத்தரிடமும் சொல்லியிருக்கிறாள்.

"அவங்க கணக்கு இதோட முடிஞ்சுது" என்றாள் மிட்சுயோ. "இனி பதில் மரியாதை நாமதான் செய்யணும்."

"நான் செய்யமாட்டேன்."

"நான் மட்டும் செய்வேன்னா சொன்னேன்?"

செவ்வாய் முழுக்கத் தனியாக வெட்டினேன். அள்ளி, ஓபுச்சி வாசலைத் தாண்டி, என் வீட்டைச் சுற்றி ஆற்றங்கரைவரை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன். யார் வாசலிலும் ஒரு பிடிகூடப் போடவில்லை. போட வேண்டும் என்று கை அரித்தது. அக்கா கடைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை "சிரமம் உங்களுக்கு" என்றாள். மத்தியானத்துக்கு மேல் மொரோஹாஷி சால்வை போர்த்திக்கொண்டு வந்தார்.

"கசாமா அண்ணே, காலையில நாங்க கொஞ்சம் பேசினோம். இந்த இடத்துக்குப் பொறுப்பு யாருன்னு தெளிவா இல்லாததாலதான் இந்தச் சங்கடமெல்லாம். மூணு குளிர்காலமா நீங்கதான் பண்ணிட்டு வர்றீங்க. வழக்கமாவே ஆயிடுச்சு. சனிக்கிழமை நீங்க விட்டதுல எல்லாருக்கும் குழப்பம். ஆகவே இதை உங்க வீட்டோட சேத்துடலாம்னு..."

ஆக, தப்பு என்னுடையது. மண்வாரியை ஊன்றினேன். அதை அவர் களைப்பு என்று நினைத்திருப்பார்.

"சரி" என்றேன்.

சம்மதம் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "ரொம்ப நன்றி, ரொம்ப..."

"இன்னையிலேருந்து இது என் வாசல். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. என் வாசல்ல பனி கொட்டறாங்கன்னு நான் சங்கத்துல எழுந்து பேர் சொல்லுவேன். தலைவர் பேரையும் சேத்துத்தான்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் அதிலிருந்து கழன்றுபோனது. அடுத்தவன் வாசலில் பனி கொட்டுவது எங்கள் ஊரில் திருடுவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. தலைமுறைக்கும் பேசுவார்கள். அவர் நெசு வீட்டு முன்னால் மிச்சமிருந்த குவியலைப் பார்த்தார். இவ்வளவு நேரம் பனியாக இருந்தது, இப்போது அவருக்கு வேறு எதுவாகவோ தெரிந்தது. தன் மூங்கிலோரம் சாய்ந்திருந்த கொஞ்சத்தைச் செருப்புக் காலால் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

இருட்டுவதற்குள் மிச்சக் குவியலையும் வெட்டி முடித்தேன். அன்றிரவு மறுபடி பனி விழுந்தது, முழங்கால் அளவுக்கு. புதன் காலையில் நான் போய்ப் பார்த்தபோது நெசு வீட்டு முன்னால் வானத்திலிருந்து விழுந்தது மட்டும்தான் இருந்தது. ஒரு தொட்டித் தடம்கூட இல்லை. அக்கா தன் பனியை ரோட்டைக் கடந்து மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு போனாள். ஓபுச்சியின் வில் கோயில் மதிலுக்கு மேலாக வளைந்து அந்தப் பக்கம் விழுந்தது. மொரோஹாஷி தன்னுடையதைத் தோட்டத்துக்குள் சுமந்தார். மிட்சுயோவின் மூச்சு நின்றுபோகும் என்று சொன்னபோது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. இன்னொருத்தன் வாசல் என்றதும் உறைத்துவிட்டது. இந்த மனுஷர்களோடுதான் இனியும் இருக்க வேண்டும்.

என் இரண்டு வாசலையும் நான் தள்ளி முடித்ததும் வேன் வீட்டு வாசலுக்கே வந்தது. நானும் அவளோடு ஏறினேன். சந்தில் திரும்பிப் போகும்போது மூன்று பேரும் மண்வாரியை ஊன்றி அவரவர் வாசலில் நின்று குனிந்தார்கள், இடுப்பு வரைக்கும்.

"நல்ல சனங்க. எல்லாரும் வந்து வழியனுப்பறாங்களே" என்றாள் ஷிராய்.

மிட்சுயோ நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தை அசைக்கவில்லை. பழக்கத்தில் என் தலை லேசாகக் குனியத் தொடங்கியது. அவள் என் கோட்டுக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். ரோட்டுக்கு வரும்வரை விடவில்லை.